அக்காவுக்கு முன்னால் என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டேன்

ஆண்டவருக்குள் பிரியமான சபையாருக்கு சுகிர்தம் டீச்சரின் அன்பு வணக்கம். சாட்சி சொல்கிறவர்கள் எழுந்து நின்று சொல்வதுதான் நம்முடைய வழக்கம். எனக்கு அது முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களும் இதை வாசிக்கலாம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

1984-ஆம் வருஷம் சித்திரை மாதம் என் வலது தோள் என்னைக் கைவிட்டது. காலையில் கட்டிலிலிருந்து என் மூன்று சக்கர வண்டிக்கு மாறுவதற்காக இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கினேன். தோளுக்குள் துணி கிழிந்த மாதிரி இருந்தது. பாதி உடம்பு கட்டிலிலும் பாதி வெளியிலுமாகச் சரிந்து தொங்கினேன். அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். என்னைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு பேருமாகத் தரைக்கு வந்துவிட்டோம். பிறகு அக்கா சொன்னாள்.

“ரெண்டு பேரும் சேந்தே கெழவியாயிட்டோம் போலருக்குட்டி.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அறுபது வயது. எனக்கு நாற்பத்திரண்டுதான்.

தோள்வலி யாருக்கும் வருவதுதான். தைலம் தேய்த்து இரண்டு நாள் ஓய்வாக இருந்தால் போய்விடும். ஆனால் எனக்குக் கைகள்தான் கால்கள். அது எப்படி என்று சொல்ல வேண்டும்.

எழுபதாம் வருஷம் வரை நான் குருவிகுளம் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். சங்கரன்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் சாயங்காலம் வீடு திரும்பும்போது கண்மாய்க் கரையில் பஸ் சறுக்கிக் கவிழ்ந்தது. நிறையப் பேருக்குக் காயம். எனக்கு வெளிக்காயமே இல்லை. சேறு கூட அதிகம் ஒட்டவில்லை. எழுந்திருக்கலாம் என்று பார்த்தேன். மார்புக்குக் கீழே உடம்பு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. முதுகுத் தண்டு மேலே, தோள்பட்டைகளுக்கு நடுவில் முறிந்திருந்தது.

வடக்கே ஒரு பெரிய மிஷன் ஆஸ்பத்திரியில் பல மாதங்கள் இருந்தேன். நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் வாழக் கற்றுக்கொடுத்தார்கள். கையை ஊன்றி உடம்பைத் தூக்கக் கற்றேன். படுக்கைப் புண் வராமல் புரண்டு படுக்கக் கற்றேன். கண்ணாடி வைத்து முதுகைப் பார்க்கக் கற்றேன். சிறுநீருக்கு ஒரு ரப்பர் குழாய் உள்ளேயே இருக்கும். அதை மாற்றுவதற்கு என் அக்கா ஞானத்துக்குப் பழக்கிக் கொடுத்தார்கள். அக்கா என்னைவிட ரொம்ப மூத்தவள். அம்மா இறந்தபிறகு என்னை வளர்த்தவளே அவள்தான். பிள்ளை இல்லை, அத்தானும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். என்னைக் கவனிப்பதே தனக்கு வேலை என்று வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகு ஸ்டேஷன் ரோட்டுப் பக்கத்துச் சைக்கிள் கடை அண்ணாச்சி எனக்கு ஒரு மூன்று சக்கர வண்டி செய்து தந்தார். கையால் சுற்றினால் ஓடும். அதில் ஏறி நானே கடைக்குப் போனேன், தபாலாபீசுக்குப் போனேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தேன். வீட்டில் டியூஷன் எடுத்தேன். யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. ஒரு வருஷம் சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகையில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். “ஆண்டவர் என் கால்களை எடுத்துக்கொண்டார், ஆனால் என் கைகளைப் பலப்படுத்தினார்” என்று சொன்னேன். உங்களில் பலர் அழுதீர்கள். நானும் அதைத்தான் என் வாழ்க்கையின் முழுச் சாட்சி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வருஷங்கள் போகப் போக உடம்பு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அக்கா என்னைப் புரட்டிப் படுக்கவைத்தாள். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று இரண்டு பேரும் கட்டிலுக்கடியில் பார்த்தோம். மறுநாள் தொடை வீங்கியது. தொடை எலும்பு முறிந்திருந்தது. நடக்காத கால் எலும்பு உள்ளுக்குள்ளே உளுத்துப்போகும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு வலிக்கவே இல்லை. அக்காதான் வாரக்கணக்காக அழுதாள். அப்புறம் அடிக்கடி குளிர் காய்ச்சல். அப்புறம் இடுப்பில் ஒரு புண். ஆறும், மறுபடி வரும். எல்லாவற்றையும் சமாளித்தேன். கைகள் இருந்தன.

அந்தச் சித்திரை மாதம்தான் கைகளும் போயின. தலை சீவ வலது கையைத் தூக்க முடியவில்லை. இடது கையையே ஊன்றி ஊன்றி அதுவும் வலிக்க ஆரம்பித்தது. வண்டி முற்றத்தில் நின்றது. மூன்று ஞாயிறுகள் கோயிலுக்கு வராமல் இருந்தேன். போதகர் வந்து கேட்டார். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அக்காவைப் பார்த்தால்தான் எனக்குப் பயம் வந்தது. அவள் கண்ணில் புரை விழுந்திருந்தது. அரிசியில் கல் பொறுக்குவதற்கு முறத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள். நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். என்னை ஒரு பக்கம் புரட்டிவிட்டு மூச்சு வாங்க நிற்பாள். இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வேன்? யார் என் புண்ணைக் கழுவுவார்கள்? யார் குழாயை மாற்றுவார்கள்? அண்ணன் தம்பி கிடையாது. என் வயதுப் பெண்களுக்கு அவரவர் குடும்பம். படுக்கையில் கிடந்து புழுத்துச் செத்தாள் என்று ஊர் சொல்லுமே என்று நினைத்தேன். ராத்திரி பகல் இதே நினைப்பு.

ஆகவே ஒரு நாள் மத்தியானம், அக்கா குழாயடிக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்து, வாய்விட்டு ஜெபித்தேன்.

“ஆண்டவரே, நடக்க வையும்னு உம்மைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. அதை விட்டுட்டேன். இப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். அக்காவுக்கு முன்னால என்னை எடுத்துக்கிடும்.”

அக்கா குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

“ஏட்டி, நீ என்ன கேக்குத?”

“கேட்டது கேட்டதுதான்.”

“யாரைக் கேட்டு இப்படிக் கேட்ட?”

அக்கா கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“நானும் ஒண்ணு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒனக்கு ஒரு ஆளைக் காட்டாம என்னைக் கூப்பிடக் கூடாதுன்னு. நீ ஒண்ணு கேக்குத, நான் ஒண்ணு கேக்கேன். அவரு யாரு சொல்லைக் கேப்பாரு சொல்லு?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. ஆனால் நான் என் ஜெபத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மனசுக்குள்ளேயே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் புதிதாக ஒரு நோவு தொடங்கியது. திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். முகமும் கழுத்தும் சிவந்து வேர்வை கொட்டும். கை மயிரெல்லாம் சிலிர்த்து நிற்கும். மார்புக்குக் கீழே மட்டும் ஒன்றுமே இராது, சில்லென்று கிடக்கும். கொஞ்ச நேரத்தில் தானாகவே தணிந்துவிடும். நம் ஊர் டாக்டர் நல்லவர். சைக்கிளில் வீட்டுக்கே வந்து பார்த்தார். பிரஷர் மாத்திரை கொடுத்தார். என்னைப் போன்ற நோயாளியைத் தான் இதற்கு முன் பார்த்ததில்லை என்று மறைக்காமல் சொன்னார். “பெரிய ஆஸ்பத்திரிக்கே ஒரு தடவை போய்க் காட்டிட்டு வந்திருங்கம்மா” என்றார். எப்படிப் போவது? தூக்கி ரயிலில் ஏற்ற யார் இருக்கிறார்கள்? வலி வரும்போது படுத்து ஓய்வெடுத்தேன். தெருவில் சிலர் காற்று கருப்பு அடித்திருக்கும் என்று பேசினார்கள். நான் வேறு மாதிரி நினைத்தேன். என் ஜெபத்தை ஆண்டவர் கேட்டுவிட்டார், அழைப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது.

அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு அது மறுபடி வந்தது.

அன்றைக்கு நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். காலையிலிருந்தே பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும். மத்தியானத்துக்குமேல் எந்தத் தெருவிலும் கால் வைக்க இடமிருக்காது. எனக்குக் காலையிலேயே தலை கனத்தது. உச்சிப் பொழுதில் வலி ஏறியது. இதற்கு முன் வந்தது எதுவும் இந்த மாதிரி இல்லை. கண் இருட்டியது. மூக்கு அடைத்தது. வேர்வையில் தலையணை நனைந்தது. இந்தத் தடவை தணியவே இல்லை. அக்கா பக்கத்து வீட்டுக்காரரை டாக்டரைக் கூட்டி வர அனுப்பினாள். கூட்டத்தில் புகுந்து போய் வர முடியாமல் அவர் எங்கேயோ மாட்டிக்கொண்டார்.

அக்கா என்னை நன்றாகப் படுக்கவைத்துத் தலையில் ஈரத்துணி போட்டாள். வலி இன்னும் மோசமானது. நாக்கு குழறியது. நான் போகிறேன் என்று தெரிந்தது. கேட்டது கிடைக்கிறது என்று தெரிந்தது. அப்போதுதான், பிரியமானவர்களே, நான் ஒன்றை அறிந்தேன். எனக்குச் சாக விருப்பமில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். புரை விழுந்த கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைத் தேடிய அந்த முகத்தைப் பார்த்ததும், இவளைத் தனியே விட்டுவிட்டா போகிறேன் என்று இருந்தது. “ஆண்டவரே, வேண்டாம்” என்றேன். அது வார்த்தையாக வெளியே வந்ததா என்று தெரியாது.

அக்கா தரையில் முழங்காலில் இருந்தாள். அவளுடைய ஜெபம் எனக்குக் கேட்டது.

“ஒரு ஆளை அனுப்பும் ஆண்டவரே. எந்த ஆளா இருந்தாலும் சரி. இப்ப அனுப்பும்.”

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

எங்கள் தெருவுக்குக் கார் வருவது அபூர்வம். ஒரு ஆண் குரல், “சுகிர்தம் டீச்சர் வீடு இதுதானா?” என்று கேட்டது. அக்கா விழுந்தடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

“யாரா இருந்தாலும் உள்ள வாங்க. எந் தங்கச்சி சாகக் கெடக்கா.”

உள்ளே வந்தவர் ஒரு பெண்ணைக் கைகளில் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் சைனம்பு.

சைனம்பு கடையநல்லூர்க்காரி. மாடியில் மிளகாய் காயப்போடும்போது தவறி விழுந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனவள். பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டில். அப்போது அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். குழந்தையை நினைத்து அவள் அழும்போது நான் கதை சொல்லிச் சிரிக்க வைப்பேன். நான் வீட்டுக்கு வந்தபிறகும் அவள் புண் ஆறாமல் அங்கேயே ரொம்ப நாள் இருந்தாள். பெருநாளைக்கும் கிறிஸ்துமசுக்கும் ஒருவருக்கொருவர் கார்டு போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். நேரில் பார்த்து வருஷக்கணக்காயிற்று. அவளைத் தூக்கி வந்தவர் அவள் கணவர் மீரான் பாய். சவூதியிலிருந்து மகள் கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தார். அந்தப் பிள்ளைக்குத்தான் கல்யாணம். அன்றைக்கு அவர்கள் கோவில்பட்டியில் உறவுக்காரர்களை அழைக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தார்களாம். தபசுக் கூட்டத்தில் வழி அடைத்து, வண்டியை இந்தப் பக்கம் திருப்பி விட்டிருக்கிறார்கள். தெருப் பெயரைக் கேட்டதும் சைனம்புதான், “இது நம்ம டீச்சர் இருக்க தெருல்லா? நிப்பாட்டச் சொல்லுங்க” என்றிருக்கிறாள்.

அவள் என்னை ஒரே ஒரு பார்வை பார்த்தாள்.

“ஏன் படுக்கப் போட்டிருக்கீங்க? தூக்கி உக்கார வைங்க மொதல்ல!”

அக்கா திகைத்து நின்றாள். சைனம்பு கணவரிடம் சொன்னாள்.

“இந்தாங்க, என்னை இந்த நாக்காலில வச்சிட்டு அவளைத் தூக்குங்க.”

அவர் தயங்கினார். வேற்றுப் பெண்ணை எப்படித் தொடுவது என்று நினைத்திருப்பார். சைனம்பு அதட்டினாள்.

“என்ன நிக்கீங்க? ஒங்க கூடப் பொறந்தவளா இருந்தா இப்படி நிப்பீங்களா?”

அவர் “யா அல்லா” என்று சொல்லிக்கொண்டே என் அக்குளுக்குள் கை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தார். முதுகுக்குத் தலையணைகளை அண்டக் கொடுத்தார். நிமிர்ந்ததுமே கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

“ஞானக்கா, குழாய்ல மூத்திரம் வருதா பாருங்க.”

அக்கா மூத்திரம் சேருகிற பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். காலையிலிருந்தே வெறும் பாட்டில். தலைவலிக் கலவரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

“எங்கயும் மடங்கிக் கெடக்கா?”

“மடங்கல்ல தாயி.”

“அப்ப உள்ள அடைச்சிருக்கு. அதை எடுத்துருங்க. வேற பொறவு போட்டுக்கிடலாம்.”

மீரான் பாய் வெளியே போய் நின்றுகொண்டார். அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஆனால் பழகின வேலை. தடவித் தடவிக் குழாயை வெளியே எடுத்தாள். நுனியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. அடுத்த நிமிஷம் கட்டிலெல்லாம் வெள்ளம். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் தலையில் இருந்த பாரம் படிப்படியாக இறங்கியது. மூச்சு வந்தது. அக்காவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. நனைந்த துணியைக் கூட மாற்றாமல் அவள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று சைனம்புவைக் கேட்டேன்.

“நீ போன பொறவு எதிர்க் கட்டில்ல ஒரு பிள்ளைக்கு இதே மாதிரி வந்திச்சு. மேட்ரன் ஓடி வந்து நிமித்தி உக்கார வச்சு, குழாயைத்தான் மொதல்ல பாத்தாங்க. மேல முறிஞ்சவங்களுக்கு இப்படி வரும்னு சொன்னாங்க. அன்னைக்குப் பாத்தது கண்ணுல நிக்கி.” “அல்லாதான் வண்டியைத் திருப்பி விட்டான் டீச்சர்” என்றாள்.

கோவில்பட்டிக்கு அவர்கள் அன்றைக்குப் போகவில்லை. சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் எங்களைக் காரிலேயே ஏற்றி உள்ளூர் ஆஸ்பத்திரியில் குழாய் போடவைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர் நம் டாக்டர்; ரயிலில் ஏற்றிவிட்டவர் மீரான் பாய். அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று போதகர் கோயிலில் சொன்னார். லில்லி வருகிறேன் என்றாள்.

லில்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் நம் சபைதான். கணவன் விட்டுப் போனதிலிருந்து அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு முதலில் எழுந்து போய்விடுவாள். அவளும் நானும் அதுவரை நாலு வார்த்தை பேசியதில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர்ப் பையில் எலுமிச்சங்காய் பருமனில் ஒரு கல் இருந்தது. பல வருஷமாகக் குழாய் இருந்ததால் வளர்ந்த கல். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இரண்டு சிறுநீரகமும் போயிருக்கும் என்றார்கள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இடுப்புப் புண்ணுக்காக வாரக்கணக்கில் குப்புறப் படுக்கப் போட்டார்கள்.

என்னைப் பழைய நாளில் பார்த்த அதே டாக்டரம்மா அங்கே இருந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. எனக்கு வந்த தலைவலியை அவர்தான் விளக்கினார். “வலி உங்க மூளைக்குப் போய்ச் சேராது. ஆனா உடம்புக்குத் தெரியும். கீழே ஏதாவது முட்டினா அது வேற வழியில கத்தும். படுத்தா பிரஷர் இன்னும் ஏறும்” என்றார். பிறகு என் தோள்களை மெதுவாக அசைத்துப் பார்த்தார்.

“அந்தக் காலத்துல உங்களை உயிரோட வீட்டுக்கு அனுப்புறதே பெரிய காரியமா இருந்துச்சு சுகிர்தம். நீங்கள்லாம் வயசாகித் திரும்பி வருவீங்கன்னு நாங்க யாரும் யோசிக்கவே இல்ல. தோளை ஆண்டவர் கையைத் தூக்குறதுக்குத்தான் படைச்சார். நீங்க அதால நடந்திருக்கீங்க. அது உங்களைவிட முன்னாடியே கிழமாயிடுச்சு.”

“இது சரியாகுமா டாக்டர்?”

“வலி குறையும். ஆனா இனிமே உங்களை நீங்களே தூக்கக் கூடாது. வண்டியும் சுத்தக் கூடாது. மத்தவங்க தூக்கணும்.”

குப்புறக் கிடந்த அந்த நாட்களில் நான் நிறைய யோசித்தேன். ஆபரேஷனைவிட அந்த வார்த்தைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆண்டவர் என் கைகளைப் பலப்படுத்தினார் என்று உங்கள் முன்னால் சொன்னேனே. இப்போது அந்தப் பலத்தையும் எடுத்துக்கொண்டார். அப்படியானால் அந்தச் சாட்சி பொய்யா? நான் என்ன முகத்தோடு கோயிலுக்குப் போவேன்? ஒரு நாள் இதை லில்லியிடம் சொன்னேன். என் முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேதபாடம் எதுவும் தெரியாது.

“பொய்யா எப்படி இருக்கும்க்கா? அப்ப கை கொடுத்தாரு. இப்ப எங் கையக் கொடுக்காரு. கொடுக்கிறது அவருதான?”

சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு என் பழைய ஜெபத்தை ஜெபிக்காமல் தூங்கினேன்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறு உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். லில்லி முற்றத்தில் வண்டியைத் துடைத்து வைத்திருந்தாள். நான் வரவில்லை என்றேன். பெட்டியைத் தள்ளுவது போல என்னைத் தெருவில் தள்ளிக்கொண்டு போவதா என்று எனக்குக் கூச்சம். லில்லி ஒரு குடையைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

“நான் தள்ளுதேன். வெயிலு எனக்கும் ஆகாது. நீங்க ரெண்டு பேருக்கும் சேத்துக் கொடையப் புடிங்க.”

“எனக்குத் தோள் வலிக்கும்.”

“எடது கையில புடிங்க. வலிச்சா சொல்லுங்க, ஓரமா நிப்போம்.”

மூன்று முறை நின்று நின்று வந்தோம். வழியில் நீங்கள் சேர்ந்துகொண்டீர்கள். பெண்கள் ஐக்கியத்தார் முறை வைத்து என் வீட்டுக்கு வரத் தொடங்கியது அந்த வாரத்திலிருந்துதான். தூக்குவது எப்படி, புரட்டுவது எப்படி, கண்ணாடியில் எதைப் பார்ப்பது என்று படுத்துக்கொண்டே உங்களுக்கு நான் பாடம் நடத்தினேன். நல்ல மாணவிகள் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை என்னைத் தூக்கிய நாலு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டாள்.

லில்லி அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஒரு நாள் தன் துணிப்பையைக் கொண்டு வந்து எங்கள் வீட்டு ஆணியில் மாட்டினாள். தனக்கென்று ஒரு வாசல் வேண்டும் என்று தானும் ரொம்ப நாளாக ஜெபித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு ஒரு நாள் சொன்னாள்.

1987 மாசியில் என் அக்கா கர்த்தருக்குள் உறங்கிப்போனாள். அதற்கு முந்தின வருஷம் கண் ஆபரேஷன் ஆகி நன்றாகப் பார்வை வந்திருந்தது. அந்தக் கண்ணால் லில்லி என்னைக் குளிப்பாட்டுவதை அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். மேஸ்திரி வேலையைப் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்ப்பாள். ஒரு நாள், “ஏட்டி லில்லி, நீ என்னைவிட நல்லாத் தொடைக்க” என்றாள். அவள் வாயிலிருந்து அது சாதாரணமாக வருகிற வார்த்தை இல்லை. இன்னொரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நான் கேட்டதைத் தந்துட்டாரு. நீ என்ன சொல்லுத?” என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில வாரம் கழித்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. எந்தக் கஷ்டமும் படவில்லை.

கல்லறைக்கு லில்லி என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். இந்த நாளை என்னால் தாங்க முடியாது என்றுதான் அத்தனை காலமும் பயந்தேன். அந்த நாள் வந்தது. அழுதேன். சாயங்காலம் லில்லி கஞ்சி கொடுத்தாள். குடித்தேன். வேளாவேளைக்கு அவள் என்னைப் புரட்டிவிட்டாள். மறுநாள் டியூஷன் பிள்ளைகள் வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே வரச் சொன்னேன்.

என் ஜெபத்தை ஆண்டவர் கேட்கவில்லை என்று யாராவது சொல்லலாம். அக்காவுக்கு முன்னால் என்னை எடுத்துக்கொள்ளும் என்றுதானே கேட்டேன்? அவள் முன்னால் போனாள், நான் இருக்கிறேன். ஆனால் நான் யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது சாவு இல்லை. தனியாக விடப்பட்டுவிடுவேனோ என்ற பயம்தான் வாய்க்கு வந்த வார்த்தையில் அப்படிக் கேட்டது. அவர் வார்த்தையை விட்டுவிட்டுப் பயத்தைக் கேட்டார். அக்கா எதைக் கேட்க வேண்டுமோ அதைச் சரியாகக் கேட்டாள். இரண்டு ஜெபத்துக்கும் ஒரே பதிலாக வந்தது.

நான் சுகமாகிவிட்டேன் என்று சொல்லவில்லை. கால்கள் நினைத்தபோது துடிக்கின்றன. போன மழைக்காலத்தில் மறுபடி காய்ச்சல் வந்து படுத்தேன். தோள் இரண்டும் வலிக்கின்றன. மத்தியானத்தில் புண் வராமல் இருக்கக் குப்புறப் படுத்துக்கொள்கிறேன்; பிள்ளைகள் என் தலைமாட்டில் உட்கார்ந்து பாடம் ஒப்பிக்கிறார்கள். சைனம்புவுக்கும் இப்போது உடம்பு முன்னைப்போல் இல்லை. அவளுக்காக நான் ஜெபிக்கிறேன். எனக்காக அவள் துஆ கேட்கிறாள். தலைவலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் தெருவில் இப்போது எல்லாருக்கும் தெரியும். மருத்துவர்களுக்கும், மீரான் பாய்க்கும், உங்களுக்கும், எல்லாருக்கும் மேலாக என் ஆண்டவருக்கும் நான் நன்றி உள்ளவள்.

பிரியமானவர்களே, நம் ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பனையிலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், வண்டி கவிழ்ந்தவர்கள் என்று எத்தனையோ பேர் உள்ளறைகளில் கிடக்கிறார்கள். விழுந்த புதிதில் எல்லாரும் போய்ப் பார்த்திருப்பீர்கள். இப்போது பல வருஷம் ஆகியிருக்கும். அவர்களுக்கும் வயதாகிறது, அவர்களைப் பார்த்துக்கொள்கிற தாய்க்கும் மனைவிக்கும் வயதாகிறது. ஆண்டவர் மேல் உங்கள் பாரத்தை வையுங்கள் என்று அவர்களிடம் நான் சொல்வேன். நம்பிக் கேளுங்கள், அழகான வார்த்தை வேண்டாம், இருக்கிற பயத்தை அப்படியே சொல்லுங்கள் என்று சொல்வேன். நடக்கிற உங்களிடம் நான் கேட்பது வேறு. இந்த வாரம் அப்படி ஒரு வீட்டுக்குப் போங்கள். போனதும் ஜெபிக்க வேண்டாம். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “எதை நினைச்சுப் பயப்படுதீங்க?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். அதற்குப் பிறகு ஜெபியுங்கள்.